பூவும் பொட்டுமாகப் போனவர்கள்

காலை எட்டு மணிக்கு எடுத்த நம்பர். மணி பதினொன்றரை ஆகியும் கூப்பிடவில்லை. சிவகாமி கம்பெனியின் நீல மேல்சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுங்கை வேயில் எலக்ட்ரானிக் பெக்டரி. மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, மயிரிழைக் கம்பிகளை ஒட்டும் வேலை. அரைநாள் லீவுக்கே சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். முழுநாளாகிவிட்டால் இன்னும் என்ன பேசுவானோ.

போன பங்குனியில்தான் அக்கா லெட்சுமியை எரித்தார்கள். மார்பில் இருந்த கட்டியை எட்டு மாதம் புருஷனிடம்கூடச் சொல்லாமல் ரவிக்கைக்குள் மூடி வைத்திருந்து, சொன்னபோது ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். முப்பத்து நாலு வயது. சிவகாமிக்கு இப்போது முப்பத்திரண்டு. குளிக்கும்போதெல்லாம் கை தானாக மார்பைத் தடவிப் பார்க்கிறது. பயம்தான், வேறென்ன?

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் வட்டங்கள் போட்டாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம். லெட்சுமியின் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினாள்.

"அம்மா சைட்ல யாருக்காச்சும் மார்புல கட்டி வந்துச்சா?"

"இல்ல டாக்டர். அம்மா, சின்னம்மா எல்லாம் கல்லு மாதிரி இருக்காங்க."

"அப்பா சைட்ல?"

"அப்பா ஆம்பளையாச்சே டாக்டர்!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஆம்பளை வழியாவும் வரும்மா. அவருக்கு ஒண்ணும் செய்யாம இருக்கும். ஆனா அவர்கிட்டேருந்து மகளுக்குப் போகலாம். அவரு கூடப் பொறந்த பொம்பளைங்க?"

"மூணு அத்தைங்க. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பவே போய்ட்டாங்க. ஜுரம்னு சொன்னாங்க."

மூன்று வட்டங்களில் மூன்று கேள்விக்குறிகள் விழுந்தன. அந்த நோய் பரம்பரையாக வருகிறதா என்று ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்க்கும் இலவசச் சோதனை ஒன்று இருந்தது. இந்தத் தடவை இரண்டே குடும்பங்களுக்குத்தான் இடம். ஒரே பக்கத்தில் மூன்று பெண்களுக்காவது அந்த நோய் வந்திருக்க வேண்டும். அதை நேரில் பார்த்த, அந்தப் பக்கத்து ரத்த உறவுள்ள பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள்.

"எடம் கெடைச்சா?"

"ரத்தத்துல அது இருந்துச்சுன்னா வருஷா வருஷம் நாங்களே செக் பண்ணுவோம். கட்டி சின்னதா இருக்கறப்பவே பிடிச்சிடலாம்."

"கெடைக்கலன்னா?"

"சொந்தக் காசுல அனுப்பணும். உங்க சம்பளத்துக்கு..." டாக்டரம்மா முடிக்காமல், கையெழுத்து வாங்க வேண்டிய தாளை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் பஸ் ஏறினாள். அப்பா இல்லை, அப்பா பக்கம் என்று சொல்ல மிச்சமிருப்பது மாணிக்கம் பெரியப்பா ஒருவர்தான். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். அவருடைய ஒரே மகள் ரமணிக்குப் பூ வைக்க அன்று சாயங்காலம் செராஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நல்ல காரியத்துக்கு முன்னால், வீட்டில் சுமங்கலியாகச் செத்த பெண்களுக்குப் புதுச்சேலை வைத்துப் படைப்பது இவர்கள் வழக்கம். கட்டிக்கொடுத்த பெண்ணானாலும் பிறந்த வீட்டுச் சேலை அவளுக்கு உண்டு.

இராஜம்மா பெரியம்மா தாம்பாளத்தில் நான்கு சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது உன் பெரிய அத்தைக்கு. இது நடு அத்தைக்கு, இது சின்னவளுக்கு. இது நம்ம லெட்சுமிக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருந்தாலும் பாரு, நம்ம வீட்டுல பொறந்தவ ஒருத்திகூடத் தாலி அறுத்ததில்ல. அத்தனை பேரும் பூவும் பொட்டுமா போனவங்க. யாருக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பினை?"

"எத்தனை வயசுல போனாங்க பெரியம்மா?"

"பெரியவளுக்கு நாப்பது இருக்கும். நடுவுள்ளவளுக்கு முப்பத்தாறு. சின்னவளுக்கு முப்பதுகூட ஆவல."

"ஜுரமா?"

இராஜம்மா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஜுரமாவது! மார்புல புண்ணு. சின்னவளுக்கு நான்தான் துணி மாத்துவேன். எத்தனை ஊதுபத்தி கொளுத்தினாலும் வாடை அடங்காது. வெளிய சொல்ற சீக்கா அது?"

"மூணு பேருக்குமா?"

"மூணு பேருக்கும்தான்."

தேடி வந்தது கிடைத்துவிட்டது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. சிவகாமி தாளை எடுத்து விஷயத்தைச் சொன்னதும் பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஐயையோ, நான் ஒண்ணும் சொல்லல. ஒன் பெரியப்பாவக் கேளு."

பெரியப்பா கொல்லையில் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு தாளைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"இது எங்க போவும்?"

"ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் பெரியப்பா."

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்கே போன மாதிரி லா."

"ரமணிக்கும் சேத்துத்தான் கேக்கறேன். அவளையும் பாக்கணும்."

"எனக்குத் தெரியாதா? மூணு தங்கச்சியையும் இந்தத் தோள்ல தூக்கிட்டுப் போனவன் நான்." கையிலிருந்த சவரக்கத்தியைக் கீழே வைத்தார். "ரெண்டு இடம் தட்டிப்போச்சும்மா. அவளுக்கு இருபத்தேழு ஆவுது. கல்யாணம் முடியட்டும், எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்."

"நாளைக்குக் கடைசி நாள் பெரியப்பா."

தாளை நான்காக மடித்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

உள்ளே ரமணி சேலை மடிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"அக்கா, எனக்கும் வருமா?"

"தெரியல ரமணி. அதத்தான் பாக்கணும்கறேன்."

"இன்னிக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாதக்கா. ப்ளீஸ்." சிவகாமி குனிந்து அவளுடைய மடிப்பைச் சரிசெய்து கொடுத்தாள்.

ஆறு மணிக்கு வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல கலகலப்பான மனுஷி. காப்பி குடித்துக்கொண்டே சம்பந்தியாகப் போகிறவரிடம் கேட்டாள்: "உங்க தங்கச்சிங்க யாரும் வரலியா?"

மாணிக்கம் பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். இராஜம்மாதான் பதில் சொன்னாள். "மூணு பேரும் சாமியாயிட்டாங்க. எல்லாம் சுமங்கலியாவே போனவங்க. எங்க வீட்டுப் பொண்ணுங்க யாரும் தாலி அறுத்ததில்ல."

"அப்படியா!" அந்த அம்மா காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "புண்ணியம் செஞ்ச குடும்பம்! அந்தப் பாக்கியம் இவகூடவே எங்க வீட்டுக்கும் வரட்டும்."

ரமணியின் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்தாள். ரமணி அவள் காலில் விழுந்தாள். எழுந்திருக்க நேரமாயிற்று, தோள் குலுங்கியது. வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அட்சதைத் தட்டு கைமாறிக் கைமாறி வந்தது. "நீயும் அக்காதானே, போடும்மா," என்றாள் அந்த அம்மா. சிவகாமி மடித்த தாளைக் கைப்பைக்குள் தள்ளிவிட்டுத் தட்டில் கையை விட்டாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். "தீர்க்க சுமங்கலியா இரு," என்று சொல்லி, ஒரு பிடியை ரமணியின் தலையில் போட்டாள்.