ஒரே ஒரு கேமரா

அருளானந்தத்தின் மூன்றாவது மாடி பால்கனிக்கு தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு மீன்கொத்தி வந்தது. துணிக்கொடியில் உட்கார்ந்து அவரைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு போனது. அதில் தப்பொன்றும் இல்லை. அவர் மனைவி ஃபிலோமினா எட்டிப் பார்த்ததும் பென்சிலை இறக்கைக்குள் ஒளித்துக்கொண்டு பறந்துவிடுமே, அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"அங்க ஒண்ணுமே இல்லைங்க," என்றாள் ஃபிலோமினா. "வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டோ காட்டுங்க. இல்லேன்னா நான் தூத்துக்குடிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். முப்பது வருஷத்துக்கு அப்புறம் எங்கிட்டயே பொய்யா?"

அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வியாழக்கிழமை கேமரா கடைக்குப் போனார். கடை இரண்டாவது மாடியில் இருந்தது. அவர் படியேற ஏற மாடியும் மேலே ஏறியது. பாவம் மனுஷன், முட்டி வலியோடு ஒருவழியாக எட்டிப் பிடித்தார்.

கடைக்காரர் ஒரு படிவத்தை நீட்டினார். 'உங்களை நம்பாதவர் பெயர்' என்று கேட்டிருந்தது. மனைவி பெயரை எழுதினார்.

"பறவை எடுக்கணும். நல்ல ஜூம் வேணும்."

"ஒண்ணுதான் இருக்கு. அதையும் ஒருத்தர் கேட்டுட்டு உக்காந்திருக்கார்."

பெஞ்சில் அந்த மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அதன் கையிலும் ஒரு படிவம். அட, இது என்ன கூத்து!

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"வீட்ல நம்ப மாட்டேங்குறா," என்றது மீன்கொத்தி. "அந்த பால்கனியில ஆளே இல்லைன்னு சாதிக்கிறா. நாளைக்குள்ள காட்டலேன்னா கூட்டை விட்டுப் போயிடுவாளாம்."

"அதான் நான் இருக்கேனே!"

"அதை அவகிட்ட வந்து சொல்லுங்க."

கடைக்காரர் கேமராவை மேஜைமேல் வைத்தார். "ஆளுக்கு ஒரு படம் எடுங்க. யாருக்கு விழுதோ அவருக்குத்தான்."

அருளானந்தம் முதலில் எடுத்தார். படத்தில் பெஞ்சு மட்டும் இருந்தது. கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரரை முறைத்தார். அடுத்து மீன்கொத்தி எடுத்தது. அவர் முழுசாக விழுந்திருந்தார், சட்டைப்பையில் பேனா கசிந்த கறை உட்பட.

கேமரா மீன்கொத்திக்குப் போனது. அதற்கு மனசு கேட்கவில்லை. ஒரு பிரிண்டை அவரிடம் கொடுத்தது. "வச்சுக்குங்க. நீங்க இருக்கீங்கன்னாவது காட்டலாம்."

ஃபிலோமினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "கடை இருக்கு. சுவர் இருக்கு," என்றாள். "ஆள் எங்க?"

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொடியில் இரண்டு மீன்கொத்திகள் உட்கார்ந்திருந்தன. பெண் பறவை கையில் இருந்த படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது.

உள்ளே ஃபிலோமினா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பெட்டி கட்டிட்டேன்ணே. இல்லண்ணே, யார்கிட்டயும் சொல்லிட்டு வர வேண்டியதில்லை. இங்க நான் மட்டும்தானே இருக்கேன்."

"ஃபிலோ!" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

பெண் பறவை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவாவது நன்றாகப் பார்க்கட்டும் என்று அவர் அசையாமல் நின்றார்.