என்ன வேலை என்ற கட்டம்

"ஏணியில ஏறுற ஆளுங்க எத்தனை பேரு?"

"ஒருத்தரும் இல்ல, அத்தான்."

"பளு தூக்குறவங்க?"

"ஃபைல் தூக்குவாங்க. அதையும் பளுன்னு எழுதுவீங்களா?"

அத்தான் சிரித்தார். இன்சூரன்ஸ் முகவர் என்றாலும் சொந்த அத்தை மகன். அவள் பொய் சொன்னால் காது சிவக்கும் என்பதைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர். அவள் தலைமுடியை இழுத்துக் காதுகளை மூடிக்கொண்டாள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டு அறைகளில் நடந்தது அவளுடைய ஏஜென்சி. ஆள் தேவைப்படும் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புவாள். வேலை நடப்பது அங்கே. ஆனால் காகிதத்தில் முதலாளி அவள்தான். அடிபட்டால் பொறுப்பும் அவளுடையதே. அதற்கான தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் அடுத்த வாரத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும் படிவம் மேசைமேல் கிடந்தது.

"போன வருஷம் இருபத்திரண்டு பேரையும் அலுவலக உதவின்னு எழுதியிருக்க. இப்பவும் அதேதானா?"

"அதேதான்."

உண்மையில் பாதிப் பேர் போவது ஒரு சரக்குக் கிடங்குக்கு. கிடங்கு வேலை என்று எழுதினால் கட்டணம் பல மடங்கு ஏறும். அதைக் கிடங்குக்காரர் தலையில் கட்டப் பார்த்தால், அவர் எதிர்வீதி ஏஜென்சிக்கு நடையைக் கட்டுவார். போன வருடம் கை கூசாமல் எழுதிவிட்டாள். யார் விழப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

"பாத்துக்கோ," என்றார் அத்தான், பேனா மூடியைக் கழற்றியபடி. "ஃபைல் அடுக்குற ஆளு பதினஞ்சடியிலேருந்து விழுந்தா, அந்த ஃபைலை எங்கய்யா வச்சிருந்தீங்கன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கேப்பான். விழுந்தவனுக்கும் ஒண்ணும் வராது, உனக்கும் பாலிசி போயிடும். அப்புறம் நீ அனுப்புற ஆளை ஒருத்தனும் வாசல்ல விடமாட்டான்."

அவளும் சிரித்து வைத்தாள்.

போன திங்கட்கிழமைதான் கிடங்கு மேற்பார்வையாளர் போன் செய்தார். "உயரமான ஆளா ஒருத்தர் வேணும்." எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. ஒருமுறை அங்கே போனபோது பார்த்திருக்கிறாள்: சக்கர ஏணி பிரேக் உடைந்து மூலையில் கிடந்தது, ஆட்கள் இரும்பு அடுக்குகளின் சட்டத்தில் கால் வைத்து, பல்லியைப் போல ஒட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு தேநீர் குடித்துவிட்டு வந்தாள்.

"ஒட்டடைக்குச்சியையே அனுப்புறேன் சார். ஏணி மிச்சம்," என்றாள் போனில். அவரும் சிரித்தார். ஒல்லியும் நெட்டையுமான அந்த மனிதனுக்கு ஏஜென்சியில் எல்லோரும் வைத்த பெயர் அது. அவனே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பான்.

புதன்கிழமை மதியம் விழுந்தான். வலது மணிக்கட்டும் இடுப்பெலும்பும் முறிந்தன. அவள் பழப்பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்த பாதங்களைப் போர்வைக்குள் இழுக்கப் பார்த்து, முடியாமல், அவன் சொன்னான்: "உங்க பேரைக் கெடுத்துட்டேன்க்கா." அவன் திட்டியிருந்தால்கூட அவள் இரவில் தூங்கியிருப்பாள்.

"கடைசிக் கேள்வி," என்றார் அத்தான். "இந்த வருஷம் யாருக்காவது அடிபட்டுச்சா?"

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஒரே தாளைத் திரும்பத் திரும்பத் துப்பிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"இல்ல, அத்தான்."

அவர் எழுதவில்லை. அவள் காதுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் படியேறி வந்தாள் ஒட்டடைக்குச்சியின் மனைவி. குட்டையான பெண். மூச்சு வாங்கியது. புதிய ஆளைக் கண்டதும் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா. எப்படி இருக்காரு?"

"இருக்காருக்கா. கட்டில் பத்தலைன்னு காலடியில ஒரு ஸ்டூல் போட்டுக் குடுத்திருக்காங்க." லேசாகச் சிரித்தாள். பிறகு கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, அத்தானின் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்து, உள்ளங்கையால் மடிப்பை நீவினாள். இரண்டு தாள்களும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன.

"இன்சூரன்ஸுக்குன்னு ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. பேரு, வயசு எல்லாம் நானே எழுதிட்டேன். இந்த ஒரு கட்டம் மட்டும் பாக்கி. விழுந்தப்ப என்ன வேலை பாத்துட்டிருந்தாருன்னு கேட்டிருக்கு."

அத்தான் பேனாவை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியல. அவரைக் கேட்டேன். அக்கா சொல்லித்தானே போனேன், அக்காவுக்குத் தெரியும், அவங்க எழுதினா சரியா இருக்கும்னாரு." அவள் பேனாவை எடுத்து நீட்டினாள். "உங்க கையாலயே எழுதிக் குடுத்துடுங்கக்கா."