வட்டத்துக்குள் நாற்பது

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. மைத்துனி கொடுத்தது. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில், தண்ணீர் ஜாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளிவிட்டாள். என் மனைவி அப்போது சமையலறையில் இருந்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

"கதை கிடைக்கலைன்னு புலம்பிட்டே இருந்தீங்களே அத்தான், இந்தாங்க."

மைத்துனிக்கு மாநகராட்சியில் போக்குவரத்துப் பிரிவில் வேலை. நகரம் முழுக்க வேக வரம்பை ஐம்பதிலிருந்து முப்பதாகக் குறைக்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். வந்து குவியும் கடிதங்களைப் படித்து மூன்று பெட்டிகளில் போட வேண்டும். ஆதரவு. எதிர்ப்பு. இதர. இதரவில் விழுந்தது கணக்கில் வராது, பரணுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பெட்டிகளை மூடிவிடுவார்கள்.

சீட்டில் இருந்தது, எந்தப் பெட்டியிலும் போட முடியாத ஒரு கடிதம். பெயர் இல்லை. மைத்துனி தன் கையால் வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

2

முதல் தொடக்கம்:

"கறுப்பு நிறக் கார் நூற்றிருபதில் சீறி வந்தது. ஸ்டீயரிங்கைப் பற்றியிருந்த விரல்களில் ரத்தம்

அடித்துவிட்டேன். பழக்க தோஷம். இருபத்திரண்டு வருஷமாக வாரா வாரம் தொடர்கதை எழுதுகிறேன். என் கார்களுக்கு நூறுக்குக் கீழே போகத் தெரியாது. முப்பதில் போகும் காரை வைத்துக்கொண்டு யாரைத் துரத்துவது?*

(* வில்லன் சைக்கிளில் போனால் சாத்தியம். குறித்துவைத்திருக்கிறேன்.)

இரண்டாவது தொடக்கம், மக்கள் குரலோடு. மைத்துனி சொல்லச் சொல்லக் குறித்தவை இவை. ஒரு டாக்ஸிக்காரர்: "முப்பதில் போனால் என் மாமியார் நடந்தே என்னை முந்திவிடுவார். அந்தப் பேச்சை நான் எத்தனை வருஷம் கேட்பது?" ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர் இரண்டே சொல்லில்: "உடனே குறையுங்கள்." பள்ளிக்கூட வாசலில் கொடி பிடித்துக் குழந்தைகளைச் சாலை கடக்கவைக்கும் அம்மாள், எட்டுப் பக்கம், ஏழாவது பக்கத்தில்தான் விஷயத்துக்கே வருகிறார். ஒரே ஆள், பதினான்கு பெயரில், பதினான்கு கடிதம். எல்லாவற்றிலும் அதே பச்சை மை. எல்லாரையும்விட நேர்மையானவர் ஒருவர் இருந்தார்: "நான் குடியிருக்கும் தெருவில் குறையுங்கள். நான் ஆபீஸ் போகும் ரோட்டில் குறைக்காதீர்கள்."

"இதை எதுல போட்ட?" என்று கேட்டேன்.

"ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து ரெண்டுலயும் போடலாமான்னு யோசிச்சேன்."

இந்தத் தொடக்கம் பரவாயில்லை. ஆனால் இதில் ஒருவருக்கும் எதுவும் பறிபோகவில்லை. தொடர்கதைக்காரனுக்கு அது ஆகாது. சீட்டுக்கே வருகிறேன்.

3

கடிதம் இதுதான்:

"நான் அன்று போன வேகம் நாற்பத்தெட்டு. வரம்பு ஐம்பது. தவறு என்மேல் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், எழுதியும் கொடுத்தார்கள். அந்த மனிதர் இன்னும் ஊன்றுகோலோடு நடக்கிறார். நீங்கள் வரம்பை முப்பதாக்கினால் நான் அன்று செய்தது தவறாகிவிடும். ஆக்காவிட்டால் அது சரியாகவே இருந்துவிடும். இரண்டில் எது வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டீர்கள், சொல்கிறேன்."

கீழே, வலது மூலையில், ஒரு வட்டம். வட்டத்துக்குள் 40.

மைத்துனியின் மேலதிகாரிக்கு அலுவலகத்தில் 'சிவப்பு விளக்கு' என்று பெயர். எந்தக் கோப்பும் அவர் மேஜையில் போய் நிற்கும், நகராது. அவரே இந்தக் கடிதத்தை அரை நிமிஷத்தில் நகர்த்திவிட்டாராம்.

"இதுல என்னம்மா குழப்பம்? கீழே பாரு. வட்டம் போட்டு நாற்பது. ரோட்டோரம் நாம நட்டுவைக்கிற போர்டு மாதிரியே வரைஞ்சிருக்கார் மனுஷன். முப்பது வேணாம், நாற்பது போதும்ங்கறார். எதிர்ப்புல போடு."

"அப்படி எழுதலையே சார்."

"எழுதலை, வரைஞ்சிருக்காரே!"

பதினெட்டு வருஷம் சாலைப் பலகைகளுக்கு அளவு குறித்துக் கொடுத்தவர். வட்டத்துக்குள் எண்ணைப் பார்த்தால் அவருக்கு வேறென்ன தோன்றும்? மைத்துனி, வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

4

கடிதம் எழுதியவருக்கு நான் ஓர் உருவம் கொடுத்தேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஐம்பத்தைந்து வயது, வெட்டிவிட்ட மீசை, பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் வைத்த கார். மாணவர்களிடம் "வரம்பைத் தாண்டாதே, தாண்டாதே" என்று ஓதி ஓதியே வரம்புக்குள் ஒரு மனிதரை இடித்துவிட்டவர். நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அவர்மேல் சந்தேகம். இப்படிப்பட்டவர் கடிதம் எழுத மாட்டார். பேசுவார், பேசிப் பேசியே ஆளைக் கொல்லுவார். அந்த 40? அவர் வீட்டு இலக்கம். அதை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒரு நிருபர் தெருத் தெருவாக

இல்லை. இதுவும் துரத்தல்தான்.

புதன்கிழமை மதியம் மைத்துனிக்குப் போன் போட்டு, எழுதியவரைக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை 'ம்' கொட்டாமல் கேட்டாள். அவள் சுபாவம் அது இல்லை.

"மீசையா?" என்றாள்.

"ஏன், மீசைக்கு என்ன?"

"ஆம்பளைன்னு கடுதாசில எங்க இருக்கு?"

சீட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

"அத்தான், இருபத்திரண்டு வருஷமா ஊருக்கே துப்பறியறீங்க. அந்த நாற்பது வேகமும் இல்லை, வீட்டு நம்பரும் இல்லை. எண்ணிப் பாருங்க."

"எதை?"

"கடுதாசியை." வைத்துவிட்டாள்.

5

எண்ணினேன். நான், அன்று, போன, வேகம் என்று பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். 'சொல்கிறேன்' நாற்பதாவது வார்த்தை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முன்பே சொல்லியிருக்கலாம், கதைக்கு நல்லது என்று ஒளித்துவைக்கவில்லை, தினமும் கண்ணில் படுவது என்பதால் தோன்றவே இல்லை. என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். பத்திரிகைக்குப் போகும் பிரதியை எழுதுவது என் மனைவி. நான் ஒவ்வொரு பகுதியாக எழுதி அடுத்த அறையில் அவள் மேஜைமேல் வைப்பேன். அவள் குண்டுகுண்டான எழுத்தில் படி எடுப்பாள். பத்திரிகையில் இடம் ஒதுக்குவது வார்த்தைக் கணக்கில். அதனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் வலது மூலையில் எத்தனை வார்த்தை என்று எழுதி வட்டம் போடுவாள். இருபத்திரண்டு வருஷமாக வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வட்டம். தன் சொந்தக் கடிதத்துக்கும் கை தானாகப் போட்டுவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம். தோளில் கைப்பையோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

"வண்டியில ஒருத்தர்மேல இடிச்சுட்டேன்."

"ஐயையோ. உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லை."

"தப்பு யார் மேல?"

"என்மேல இல்லையாம். வேகம் சரியாத்தான் இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"அப்புறம் என்ன?" என்றேன். நான் அப்போது ஒரு லாரியைப் பாலத்திலிருந்து தள்ளிக்கொண்டிருந்தேன். அன்று மாலைக்குள் தள்ளியாக வேண்டியிருந்தது.

பம்பர் மாற்றியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் வண்டியைத் தொடவில்லை. "பஸ்ஸுல போனா வேடிக்கை பாத்துட்டே போகலாம்" என்றாள். நம்பினேன். மூன்று வருஷம் சும்மா நின்ற காரை விற்றோம். கடிதத்தில் 'எல்லோரும்' என்று ஒரு வார்த்தை வருகிறதே, பன்னிரண்டாவது வார்த்தை, அதில் முதல் ஆள் நான். அந்த மனிதர் ஊன்றுகோலோடு நடக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்பதும் தெரிந்திருக்கும்.

மறுபடி போன் போட்டேன்.

"அக்கா கையெழுத்து எனக்குத் தெரியாதா? கவரைப் பிரிச்சதும் தெரிஞ்சுபோச்சு. ஆனா சிவப்பு விளக்குகிட்ட 'அது வார்த்தைக் கணக்கு சார்'னா, உனக்கெப்படிம்மா தெரியும்னு கேப்பார். சொந்தக்காரங்க கடுதாசின்னா பேரோட மேல ஒப்படைக்கணும். பேரே போடாம எழுதினவளைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?"

"அவகிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டா 'நான் எழுதலை'ன்னு ஒரே வார்த்தையில மூடிடுவா. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்ல வந்தா, அப்பவே. எழுதினவங்களே நேர்ல வந்து எந்தப் பெட்டின்னு சொல்லலாம், வேணாம்னா திரும்ப வாங்கிக்கலாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும். அதுக்கப்புறம் அக்கா சொல்லாததை அக்கா சொன்னதா எழுதிடுவாங்க."

ஒன்பது வருஷத்தில் அவள் வாய் திறந்தது இந்த நாற்பது வார்த்தைக்குத்தான். அதுவும் தப்பான பெட்டிக்குப் போகப் பார்க்கிறது.

6

முடிவுகள். என்னிடம் மூன்று இருந்தன.

அ) ஆதரவும் எதிர்ப்பும் சரிசமமாக வந்து, நகரத்தின் தலையெழுத்தே இந்த ஒரு கடிதத்தில் தொங்குகிறது. வார இதழ் புத்தி. மைத்துனி சிரித்துவிட்டாள், வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம். எந்தப் பக்கம் என்று சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. இந்தக் கடிதம் எதில் விழுந்தாலும் ஒரு பலகைகூட மாறாது.

ஆ) ஊன்றுகோல் மனிதரும் ஒரு கருத்து அனுப்பியிருக்கிறார், இரண்டு கடிதமும் ஒரே பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக

வேண்டாம். அந்த மனிதரை நான் ஒருமுறை கதைக்கு வெளியே நிற்க வைத்தாயிற்று. இப்போது சௌகரியத்துக்காக உள்ளே இழுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இ) மனைவி கார் ஓட்டுகிறாள். முப்பதில். பின்னால் ஊரே ஹார்ன் அடிக்கிறது. படமாக அழகு. கார்தான் இல்லை.

ஆக, எனக்குத் தெரிந்த ஒரே வழி. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, இந்த ஆறு பகுதிகளையும் வழக்கம்போல அவள் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். கோழைத்தனம்தான். எழுதிப் பிழைப்பவன் வேறெப்படிக் கேட்பான்?

7

இதை எழுதும்போது அடுத்த அறையில் பேனா ஓடும் சத்தம் கேட்கிறது. தாளுக்குப் பத்து நிமிஷம், அவள் வேகம் மாறாது. முதல் தாள் திரும்பியது. இரண்டாவது. டாக்ஸிக்காரரின் மாமியார் ஜோக்குக்கு 'க்கும்' என்று ஒரு சத்தம். மூன்றாவது தாளில் கடிதம் வர வேண்டும்.

பேனா நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. தன் கடிதத்தையும் என் எழுத்தைப் போலவே படி எடுக்கிறாள். நான்காவது. ஐந்தாவது.

நின்றுவிட்டது.

நாற்காலி பின்னால் நகர்கிறது. தாளோடு வாசலில் வந்து நிற்கிறாள், அன்று நின்ற அதே இடத்தில்.

"ஏங்க. அஞ்சாவது பகுதியில ஒரு தப்பு இருக்கு."

"என்ன?"

"மாத்தினது பம்பர் இல்லை. முன் கண்ணாடி."

அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினாள்.

"திருத்திடட்டுமா?"

"வேணாம். அப்படியே இருக்கட்டும். தப்பு என்னோடதுதானே."

தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போகவில்லை.

"அப்புறம்?" என்றேன். எதிர் நாற்காலியிலிருந்த காகிதக் கட்டைத் தூக்கித் தரையில் வைத்தேன்.

உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். நான் பேனாவை மூடிவிட்டேன்.

அதனால் அவள் சொன்னது இதில் இல்லை. இந்த மிச்ச வரிகளைப் பிறகு எழுதிச் சேர்த்தேன்; வெள்ளிக்கிழமை நடந்ததையும் எழுதப் போவதில்லை. கடிதம் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. பெட்டிகள் மூன்று. உங்களிடம் கேட்டிருந்தால் எதில் போட்டிருப்பீர்கள்? அவசரம் இல்லை. அதற்கு முன், எதிரில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.