கேமராவுக்கு ஒரு கும்பிடு

எழுமலைப் பக்கத்து வாக்குச்சாவடிக்குள் கட்சிக்காரர் வீரணன் நாலு பூத் சிலிப்புகளோடு நுழைந்தார்.

"கெழவிகளால நடக்க முடியல. அவங்க ஓட்டையும் நானே அமுக்கிட்டுப் போறேன்."

சாவடி அதிகாரி சத்யப்ரியா சுவரிலிருந்த கேமராவைக் காட்டினாள். "கலெக்டர் ஆபீஸ்ல நம்மளத்தான் பாத்துட்டிருக்காங்கண்ணே."

சொல்லும்போதே அவள் கண் ஒயரோடு இறங்கியது. கேமராவின் பிளக் தரையில் கிடந்தது. அது இருந்த சாக்கெட்டில் வீரணனின் ஏஜென்ட் டேபிள் ஃபேனை மாட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

வீரணன் கேமராவையே வெறித்தார். கீழே பார்த்தால் கதை முடிந்தது.

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். கேமராவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியேறினார்.

அவள் ஃபேனைப் பிடுங்கிவிட்டுக் கேமராவைச் செருகினாள்.

"மேடம், வேர்க்குதுல்ல," என்றார் ஏஜென்ட்.

"எனக்கு அப்பவே வேர்த்திருச்சு."