பையச் சுற்றிய பீடி

குமரகுருபரனுக்கு அலுத்துவிட்டது. வில்லுப்பாட்டுக்காரர், பாய் முடைகிறவர், உப்பளத்துப் பெண்கள் என்று தொலைக்காட்சிக்கு அரைமணி நேரப் படங்களாக எடுத்துத் தள்ளியாயிற்று. ஒவ்வொன்றுக்கும் நாயாக அலைய வேண்டும். ஒளிபரப்பான பிறகு யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பேட்டையில் பீடி சுற்றும் ஆறுமுகத்தாயையும் அவள் மகள் தேன்மொழியையும் எடுத்த படமும் அப்படித்தான் காற்றோடு போயிற்று என்று நினைத்திருந்தார். அடுத்த படத்துக்காகத் திருநெல்வேலி வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு வரலாமே என்று அவர்கள் வீட்டுக்குப் போனார்.

ஆறுமுகத்தாய் வாங்க என்றாள், உட்காரச் சொல்லவில்லை. தேன்மொழி தலை நிமிராமல் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் பறந்தன.

"முக்கூடல் சம்பந்தம் தட்டிப்போச்சு சார். படத்தப் பாத்துட்டாவ," என்றாள் ஆறுமுகத்தாய்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே எடுத்துச் சொன்னாள். இந்தப் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள் நிறத்துக்கு முன்னால் கையை விசாரிப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்று. ஆயிரம் என்று சொல்லித்தான் பேச்சு முடிந்திருந்தது. படத்திலோ தேன்மொழி ஒரே ஒரு பீடியை, இலையை வருடி, தூளைத் தூவி, தூக்கத்தில் சுற்றுகிறவள் மாதிரி சுற்றினாள். இந்தக் கையா ஆயிரம் சுற்றும் என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டு அனுப்பிவிட்டாள்.

மெதுவாகச் சுற்றும்மா, இன்னும் மெதுவாக என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து சொன்னவர் குமரகுருபரனேதான். விரல் அழகு படத்தில் விழ வேண்டுமே!

"எனக்கு அவகளப் பிடிச்சிருந்துச்சு," என்றாள் தேன்மொழி, பீடித்தட்டைப் பார்த்தபடியே.

நான் போய்ப் பேசுகிறேன் என்றார் அவர். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மதியமே முக்கூடலுக்குப் பஸ் ஏறினார். மாப்பிள்ளையின் தாய் பேச்சித்தாய் நல்ல மாதிரிதான். மோர் கொடுத்து, அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். நாங்கள் சொல்லித்தான் அந்தப் பெண் அப்படிச் சுற்றினாள், அவளுடைய வேகம் அதுவல்ல என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"உள்ளத உள்ளபடி காட்டுதோம்னு படத்துல நீங்கதான பேசுனிய?"

"நான்தான்."

"அப்ப அது பொய்யா?"

இத்தனை வருஷத்தில் இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஆமாம் என்றார்.

"ஊருக்கே பொய் சொன்னவுக, இங்கன வந்து எனக்கு மட்டும் மெய் சொல்லுதியளாக்கும். பொண்ணு வீட்டுக்காரவ சொல்லி விட்டிருப்பாவ. நான் கொஞ்சம் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இனி வேண்டாம்."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பஸ் நிறுத்தத்தில் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பேட்டைக்கு இரண்டு பஸ் வந்து போயின. தேன்மொழி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும்.