வலப்பக்கம் குத்தும் பதக்கம்

குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பதக்கங்களோடு வரும்படி மேலாளர் சந்திரமோகன் சொல்லியிருந்தார். தேர்வாய் கண்டிகையில் உள்ள அந்தத் தொழிற்சாலைக்கு ஜோஷ்வா பாதுகாப்பு அதிகாரி. அதற்கு முன் இருபத்துநான்கு வருடம் கடற்படை அதிகாரி.

கேட்டில் காவலாளி பென்னி மறித்தான்.

"இன்னா சார், இம்மாம் மெடலா! பத்து வருசத்துக்கு எங்களுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் குட்த்தாங்க."

"அதுல சோறாவது சூடா இருக்கும்டா."

பென்னி ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டான். ஓரத்தில் இருந்தது சுதந்திரப் பொன்விழாவுக்குப் படையில் எல்லாருக்கும் கொடுத்தது. அப்போது ஜோஷ்வா கொச்சியில் பயிற்சியில் இருந்தார். அடுத்தது ஒன்பது வருடச் சேவைக்கு. அந்த வருடம்தான் விக்டோரியாவைக் கல்யாணம் கட்டினார். அடுத்தது இருபது வருடத்துக்கு. அதற்குள் கப்பலே வேண்டாமென்று கரையில் மேசை வேலை கேட்டு வாங்கியிருந்தார்.

"மொதல்ல கீதே, இது?"

"வீரத்துக்கு."

அன்று கப்பலின் எஞ்சின் அறையில் தீ. அணைக்க வேண்டுமென்றால் உள்ளே மூச்சையும் அடைக்கும் தீயணைப்பு வாயுவைத் திறக்க வேண்டும். அதற்கு முன் மேல்மூடியை மூடியாக வேண்டும். கீழே இருந்த மாலுமி முனுசாமி இன்னும் ஏறி வரவில்லை. ஜோஷ்வா மூடச் சொன்னார். கப்பல் பிழைத்தது. மூடுமுன்பே முனுசாமி இறந்துவிட்டான் என்று அறிக்கையில் எழுதினார்கள். அதையே அவன் மனைவிக்கு இவர் கடிதமாக எழுதினார். இன்றும் எங்காவது தகரத்தில் ஸ்பேனர் விழுந்தால் கால் நின்றுவிடும்.

முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள், முனுசாமியின் மனைவி ஜோதிலட்சுமி. அவளுக்குப் பொன்னாடை போர்த்தச் சோழவரத்திலிருந்து சந்திரமோகன் அழைத்து வந்திருந்தார், இவரிடம் சொல்லவில்லை.

"நல்லா கீறீங்களா சார்? உங்க லெட்டர இன்னும் வெச்சிக்கினு கீறேன். ஒடனே உசுரு போய்ட்ச்சின்னு எழுதியிருந்தீங்களே. அத்த நெனச்சித்தான் தூங்குறேன்."

ஜோஷ்வா முதல் பதக்கத்தைக் கம்பியிலிருந்து உருவி நீட்டினார்.

"வலப்பக்கம் குத்திக்கோம்மா. வாங்குனவன் எடப்பக்கம் குத்துவான். செத்தவனோட சொந்தம் வலப்பக்கம் குத்தணும். அதான் மொற."

"இது உங்களுதுதானே சார்?"

"மூடி மூடும்போது முனுசாமி உயிரோடதான் இருந்தான். மூடச் சொன்னது நான். கீழேர்ந்து தட்டுனான்."

அவள் உள்ளங்கையில் இருந்த பதக்கத்தைப் பார்த்தாள்.

"எம்மா நேரம்?"

"நாலு நிமிசம்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"மேலதான். மூடிமேல நின்னுக்கினு இருந்தேன்."

"கத்துனாரா?"

"அது கேக்கல. தட்டுனது மட்டும்தான்."

மைக்கில் சந்திரமோகன் இவர் பெயரைச் சொன்னார். கைதட்டல்.

"போங்க சார். கூப்புடுறாங்க."

ஜோஷ்வா மேடையேறித் திரும்பிப் பார்த்தார். அவள் பதக்கத்தைக் குத்திக்கொள்ளவில்லை. திருப்பித் தரவும் எழவில்லை. இனி அவளும் தூங்கமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது.