அப்பள மாடியின் வெயில்

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், சுயம்பு அண்ணாச்சியின் அப்பளக் கூடத்து மாடியில், ஊரே மழையில் ஊறிக் கிடந்த ஒரு ஜூலை மாதத்தில் நான்கு கட்டில் அகலத்துக்கு வெயில் அடித்தது. பக்கத்து மாடி ஒழுகியது, எதிர்ச் சந்தில் முழங்கால் தண்ணீர். இங்கே மட்டும் கவிழ்த்துப்போட்ட கூடைகளின் மேல் அப்பளம் அழகாகக் காய்ந்தது. தாராவிக்காரர்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளக்கிறவர்கள் இல்லை. ஈரத் துணியை எடுத்துக்கொண்டு வந்து கூடத்து வாசலில் வரிசை கட்டினார்கள்.

அண்ணாச்சிக்கு அது போதாத காலம். உளுந்து விலை ஏறியிருந்தது. மிஷின் அப்பளம் பளபளப்பான பாக்கெட்டில் வந்து பழைய வாடிக்கைகளைக் கொண்டுபோயிருந்தது. மழைக்காலம் வந்தால் கூடத்தைப் பூட்டி, அப்பளம் இடும் பெண்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது அவர் வழக்கம். இந்த வருடம் அதற்கும் வழியில்லை. மாட்டுங்காவில் ஒரு கேட்டரிங்காரர், கணபதி பண்டிகைக்கு முன்னால் வேண்டுமென்று பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். அது தவறினால் கூடம் கைமாறிவிடும், ஐந்து பெண்களுக்கும் வேலை போய்விடும்.

வெயில் வந்த விதம் இதுதான். தார்ப்பாய்க்கு அடியில் பெண்கள் உம்மென்று உட்கார்ந்திருந்தபோது, அவர்களில் ஷைஸ்தா எழுந்து, அண்ணாச்சி போனில் கேட்டரிங்காரரிடம் குழைவதையும், போனை வைத்த கையோடு தங்களிடம் குரைப்பதையும் நடித்துக் காட்டினாள். ஆண்டாப் ஹில்லிலிருந்து வரும் மாரீஸ்வரி முதலில் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் லேசில் அடங்காது, பக்கத்தில் இருப்பவர்களையும் விடாது. மழை நின்று வெயில் வந்தது. சத்தம் கேட்டு அண்ணாச்சி ஏணியேறித் தலையை நீட்டினார். எல்லோரும் வாயை மூடினார்கள், மழை கொட்டியது. இப்படியே ஒரு வாரம் நடந்த பிறகுதான், மழை தன் தலையைக் கண்டுதான் வருகிறது என்று அவருக்கு உறைத்தது.

வேறு ஆளாக இருந்தால் ஏணியேறுவதை நிறுத்தியிருப்பார். அண்ணாச்சி வியாபாரி. வேலை நடக்கச் சந்தோஷம் வேண்டுமென்றால் அதையும் மொத்தமாக வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தார். செம்பூரிலிருந்து ஆதித்யன் என்ற பயிற்சியாளர் வந்தார். சோர்ந்துபோன ஆபீஸ்காரர்களை உற்சாகப்படுத்துவது அவர் தொழில். பெண்களை வட்டமாக நிறுத்தி, கைதட்டவைத்து, "கஷ்டம் என் நண்பன்" என்று உரக்கச் சொல்லச் சொன்னார்.

"சேட், ஹஸ்னா பீ டூட்டி ஹை க்யா?" என்று, சிரிப்பும் வேலையில் சேர்த்தியா என ஷைஸ்தா கேட்டாள். சேர்த்திதான் என்றார் அண்ணாச்சி. எல்லோரும் கடமைக்குச் சிரித்தார்கள். காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் நடக்கிற மாதிரி வெயிலும் தூறலும் சேர்ந்து வந்து, அப்பளமெல்லாம் சுருண்டுபோயின. சிறந்த ஊழியரின் படத்தைச் சுவரில் மாட்டிக் கௌரவித்தால் பலன் தெரியும் என்று சொல்லிவிட்டு ஆதித்யன் போய்ச்சேர்ந்தார்.

அண்ணாச்சி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. மாரீஸ்வரியின் ஆதார் போட்டோவைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். மொட்டையாக இருக்கிறதே என்று ஒரு சந்தன மாலையும் சிவப்பு சீரியல் பல்பும் போட்டார். மறுநாள் காலையில் சந்தில் பாதிப் பேர் துக்க முகத்தோடு துட்டி கேட்க வந்துவிட்டார்கள். மான்குர்த்திலிருந்து அவள் பெரியம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்து இறங்கினாள். அந்த நேரம் பார்த்து டிபன் டப்பாவோடு வேலைக்கு வந்த மாரீஸ்வரி, படத்தையும் மாலையையும் அழுகிற பெரியம்மாவையும் பார்த்தாள். பெரியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆண்டாப் ஹில் பஸ் ஏறிவிட்டாள். மாடியிலிருந்த வெயில் பாயைப்போலச் சுருட்டிக்கொண்டு, பஸ் கூரைமேல் ஏறி அவளோடு போனது. அவள் வீட்டுக் கூரையிலும் விரியாமல் சுருண்டபடியே கிடந்தது.

கணபதி நெருங்கியது. மற்ற பெண்கள் சிரித்துப் பார்த்தார்கள், வெயில் வரவில்லை. கூடத்தில் பிசைந்த மாவு வீணாகியது. கடைசியில் அண்ணாச்சி நனைந்துகொண்டே மாரீஸ்வரி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"படத்த எடுத்தாச்சா?" என்றாள்.

"எடுத்துட்டேன்."

"மாலைய?"

"எங்கப்பா படத்துக்குப் போட்டுட்டேன். அவரு செத்தவருதானே."

அவள் சிரிக்கவில்லை. "வருசா வருசம் மழை வந்தா பூட்டிட்டுப் போயிருதீய. அந்த மாசமெல்லாம் நாங்க என்னத்தத் திங்கோம்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீயளா அண்ணாச்சி? இப்ப மட்டும் சிரி சிரிங்கீய. எங்க இருந்து வரும்?"

அவர் கேட்டதே இல்லை. அது அவருக்கே வெட்கமாக இருந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு தாயி," என்றார். "கூடம் போயிட்டா எனக்கு வேற தொழில் தெரியாது. அந்தப் பயத்துலதான் உங்க மேல விழுந்து பிடுங்குதேன்."

மாரீஸ்வரி துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்து, சாயா போட்டாள். அதைக் குடித்து முடிப்பதற்குள், மழைக்காலத்திலும் வேலை உண்டு, வெயில் வராத நாளுக்கும் சம்பளம் உண்டு என்று முடிவானது. எந்நேரம் வருவது, எப்போது சிரிப்பது என்பதெல்லாம் பெண்கள் பாடு. கேட்காமல் அண்ணாச்சி ஏணியேறக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அண்ணாச்சி, "அந்த சீரியல் பல்பும் எங்கப்பாவுக்கே போட்டுட்டேன். உன்னவிட அவருக்கு எடுப்பாத்தான் இருக்கு," என்றார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூரைமேல் கிடந்த வெயில் தடாலென்று விரிந்தது.

சரக்கு கணபதிக்கு முன்னால் போய்ச்சேர்ந்தது. கூடம் கைமாறவில்லை. வார்டு ஆபீஸிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்து, வெயிலுக்கு எதிராக விதி எதுவும் இல்லையென்று கண்டு, ரெயின்கோட்டை உலர்த்திக்கொண்டு போனார்.

அதன்பின் எத்தனையோ மழைக்காலங்கள் வந்துவிட்டன. அந்தச் சந்தில் யாரும் வானிலைச் செய்தி பார்ப்பதில்லை. துணியை நனைப்பதற்கு முன், மாரீஸ்வரி சாப்பிட்டாளா, ஷைஸ்தாவின் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கூடத்தில் கேட்டுக்கொள்கிறார்கள். அண்ணாச்சி தினமும் ஏணியடியில் நின்று, "வரலாமா?" என்று குரல் கொடுக்கிறார். சில நாள் மேலே அவரையே நடித்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள். இப்போது வேண்டாம் என்று பதில் வரும். குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். "வாங்க அண்ணாச்சி" என்று கேட்டதும் குடையை மடக்கி ஏணியில் சாத்திவைத்துவிட்டு ஏறுவார். மேலே அது தேவைப்படாது.